கார் டிக்கிக்கு என்ன மெட் போடலாம்? கொழும்பில அடிக்கடி கேக்கிற கேள்விகளும் பதில்களும்

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து 2025 பெப்ரவரியில திரும்பத் திறக்கிற வரைக்கும் எங்கட சனம் கையில இருந்த காரைப் பொத்திப் பொத்தி வச்சிருந்தது எல்லாருக்கும் தெரியும், சீட்டுக்கு கவர், டாஷ்போர்ட்டுக்கு கவர், கால் வைக்கிற இடத்துக்கு மெட்டுக்கு மேல மெட். டிக்கியை மட்டும் ஒருத்தரும் கண்டுகொள்ளேல்லை. மீன், தேங்காய், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் எல்லாம் போறது அதுக்குள்ளதான். அதால டிக்கி மெட் வாங்க யோசிக்கிறாக்கள் வழமையா கேக்கிற கேள்விகளுக்கு இதில பதில் எழுதியிருக்கு.

டிக்கிக்குள்ள கொம்பனியே ஒரு கார்பெற் போட்டிருக்கு, பிறகேன் இன்னொண்டு?

அந்தக் கார்பெற்றைத் தூக்கிப் பாருங்கோ. அனேகமான ஜப்பான் கார்களில அது ஒரு அட்டை மாதிரியான பலகையில ஒட்டினது, அதுக்குக் கீழ ஜாக்கி, ஸ்பனர் வைக்கிற ரெஜிஃபோம் தட்டு, அதுக்கும் கீழதான் தகரம். ஒரு லீட்டர் மீன் தண்ணி ஊத்துப்பட்டா கார்பெற் குடிக்கும், பிறகு பலகை குடிச்சு ஊதும், மிச்சம் ரெஜிஃபோமுக்குக் கீழ போய்த் தேங்கி நிக்கும். மேல தொட்டுப்பாத்தா காய்ஞ்சமாதிரி இருக்கும், கீழ ஈரம் கிடக்கும். எங்கட வெக்கைக்கும் ஈரக்காத்துக்கும் ரெண்டு மூண்டு நாளில மணக்கத் தொடங்கிடும், மாசக்கணக்கில விட்டா தகரம் கறள் கட்டும். ஊதின பலகை திரும்பத் தட்டையாகாது, மாத்தத்தான் வேணும். மெட் போடுறது வடிவுக்கு இல்லை, இந்தத் தண்ணி கீழ போகாமத் தடுக்கத்தான்.

என்னென்ன வகை இருக்கு, எது நல்லது?

கடையில கேட்டா பத்து விதமான பெயர் சொல்லுவாங்கள், ஆனா உண்மையில நாலைஞ்சு சாமான்தான்.

டீபீஈ எண்டுறது றப்பர் மாதிரி வளையிற ஒரு பிளாஸ்ரிக், அச்சில ஊத்தி உங்கட மொடலுக்கெண்டே செய்யிறது, சுத்திவர விளிம்பு நிமிர்ந்து நிக்கும். பாரம் குறைவு, மணம் குறைவு, வெயிலுக்குத் தாங்கும், பைப்பால தண்ணி அடிச்சுக் கழுவலாம். விலை கொஞ்சம் கூடத்தான். டிக்கியை உண்மையா பாவிக்கிற ஆளெண்டா என்ர பதில் இதுதான், சுத்தி வளைக்கத் தேவையில்லை.

றப்பர் மெட் பாரமானது, வழுக்காது, அடிபட்டாலும் தாங்கும். எங்கட நாட்டில றப்பருக்குக் குறைச்சல் இல்லை, 1876இல கம்பஹா ஹெனரத்கொடை தோட்டத்தில நட்ட கன்றுகளில தொடங்கின கதை, இப்ப களுத்துறை, கேகாலைப் பக்கமெல்லாம் றப்பர்தான், அதால உள்ளூர் றப்பர் மெட் நல்ல தரத்திலேயே கிடைக்கும். குறை என்னெண்டா இயற்கை றப்பருக்கு எண்ணெயும் பெற்றோலும் ஆகாது, ஊதி மெதுவாகி ஒட்டத் தொடங்கும்.

பீவீசீ மலிவு. நல்ல பீவீசீயும் இருக்கு, ஆனா மலிவானது வெயிலில நிண்ட காரில சரியான மணம் அடிக்கும், கொஞ்சக் காலம் போக விறைச்சு மூலையில வெடிக்கும்.

ஈவீஏ எண்டுறது தேன்கூடு போலக் குழி குழியா இருக்கிற ஃபோம் ஷீட், வெட்டித் தைச்சுக் குடுப்பாங்கள். தூசு, மணல், குடைத் தண்ணி எல்லாம் குழிக்குள்ள நிண்டிடும், அது வசதிதான். ஆனா பாரமான சாமானை வச்சா அழுந்தின தடம் அப்பிடியே இருக்கும், குழிக்குள்ள போன மீன் செதிலை எடுக்க பல் துலக்கிற பிரஷ்தான் வேணும்.

கார்பெற் மெட் எண்டு இன்னொண்டு, அது பிள்ளையள் ஸ்கூல் பேக் வைக்க மட்டும் சரி.

ஃபைவ் டீ, செவன் டீ எண்டு லெதர் மெட் விக்கிறாங்களே, பாக்க நல்ல வடிவா இருக்கு?

வடிவுதான். அது லெதரும் இல்லை, பிளாஸ்ரிக் தோலுக்குக் கீழ ஃபோம் வச்சு டைமண்ட் டைமண்டா தைச்சது. அந்த ஃபைவுக்கும் செவனுக்கும் ஒரு அளவும் கிடையாது, நைன் டீ எண்டு போட்டும் விக்கிறாங்கள். பிரச்சினை எங்கையெண்டா தையலில, ஊசி போன ஒவ்வொரு ஓட்டையாலும் தண்ணி ஃபோமுக்குள்ள இறங்கும், இறங்கினது வெளிய வராது. சூட்கேஸ், ஒஃபிஸ் பேக், கலியாண வீட்டுக்குக் கொண்டுபோற தட்டு இதுகளுக்கு மட்டும் டிக்கியைப் பாவிக்கிறாக்கள் போடலாம். சந்தைக்குப் போற காருக்கு வேண்டாம்.

விளிம்பு எவ்வளவு உயரம் வேணும்?

இதைத்தான் முதல் கேக்கோணும், ஆனா எல்லாரும் கடைசியாத்தான் கேக்கினம். தட்டையான மெட்டில ஊத்துப்பட்டா தண்ணி ஓரத்துக்கு ஓடிக் கார்பெற்றுக்குள்ள போகும், அப்ப நீங்கள் போட்டது மெட் இல்லை, வெறும் விரிப்பு. சுத்திவர ரெண்டு விரல் உயரத்துக்காவது, சொல்லப்போனா 3 தொடக்கம் 5 சென்ரிமீற்றர், விளிம்பு நிமிர்ந்து நிக்கோணும். சீட் பக்கத்தால நல்லா நிமிர்ந்திருக்கோணும், ஏனெண்டா பிரேக் அடிக்கேக்க தண்ணி முன்னுக்குத்தான் பாயும், ட்ரஃபிக்கில நாங்கள் அடிக்கிற பிரேக் கொஞ்சமா நஞ்சமா. கதவுப் பக்கத்தில கொஞ்சம் பதிவா இருந்தாப் பரவாயில்லை, அதால சாமான் இழுத்து இறக்கலாம்.

கடையில வாங்கேக்க மூலையைக் கையால அமத்திப் பாருங்கோ. மூலை ஒரே அச்சில வளைஞ்சு வந்திருக்கோணும், வெட்டி மடிச்சு ஒட்டியிருந்தா அந்த ஒட்டிலதான் முதல் ஒழுகும். ஒரு இடத்தை மடிச்சு விடுங்கோ, மடிச்ச இடத்தில வெள்ளைக் கோடு விழுந்து நிண்டா அந்த மெட்டை அந்த இடத்திலேயே வச்சிட்டு வாங்கோ.

என்ர கார் அக்வா எண்டு சொன்னாக் காணாதா, சரியான மெட் தருவாங்கள்தானே?

காணாது. கார்ப் பேரைச் சொல்லி வாங்கினா தலைமுறை மாறிப்போகும். அக்வாவில என்எச்பி10 எண்டுற பழைய தலைமுறை 2011 கடைசியில வந்து 2021 வரைக்கும் ஓடினது, அதுக்குப் பிறகு வந்தது வேற உடம்பு, டிக்கியும் வேற. வெஸல் எண்டா 2013 கடைசியில வந்தது ஒரு வகை, 2021இல வந்தது வேற வகை. பழைய வெஸலிலேயும் பெற்றோலுக்கு ஆர்யூ1, ஹைபிரிட்டுக்கு ஆர்யூ3 எண்டு இருக்கு, ஹைபிரிட் பற்றரி டிக்கித் தளத்துக்குக் கீழ இருக்கிறதால தளத்தின்ர அமைப்பை ஒண்டெண்டு நம்பி வாங்க வேண்டாம்.

சிஆர் புத்தகத்தில, அதாவது காரின்ர பதிவுச் சான்றிதழில, சேஸி நம்பர் இருக்கும், அதில கோட்டுக்கு முன்னால வாற எழுத்தும் இலக்கமும்தான் மொடல் கோட். அதைச் சொல்லிக் கேளுங்கோ. பதிஞ்ச வருசத்தைச் சொல்ல வேண்டாம், ரீகண்டிஷன் கார்களில செய்த வருசம் ஒண்டு, இஞ்ச பதிஞ்ச வருசம் இன்னொண்டு.

வெகன் ஆர் வச்சிருக்கிறாக்களுக்குத் தனியா ஒரு விசயம், உங்கட பின் சீட் முன்னுக்குப் பின்னுக்கு நகரும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளின நிலைக்கு மெட் வாங்கினா, முன்னுக்கு இழுக்கேக்க இடையில ஒரு வெளி விழும், தேசிக்காயில இருந்து மாத்திரைப் பெட்டி வரைக்கும் எல்லாம் அதுக்குள்ள போகும். சீட்டை வழமையா எங்க வைக்கிறீங்களோ அந்த நிலைக்கு அளந்து எடுங்கோ.

என்ர மொடலுக்கு அச்சு மெட்டே இல்லை எண்டுறாங்கள். என்ன செய்யிறது?

பேப்பரில வெட்டி எடுக்கலாம். பழைய வீரகேசரித் தாளை நாலைஞ்சு எடுத்து டிக்கிக்குள்ள விரிச்சு டேப்பால ஒண்டோடொண்டு ஒட்டி, சீட் ஓரம், ரயர் மேடு, கதவு ஓரம் எல்லாம் விரலால அமத்தி மடிச்சா கோடு விழும், அந்தக் கோட்டால வெட்டுங்கோ. ரயர் மேட்டுக்குக் கிட்ட அகலம் குறையும், அந்த வளைவில அவசரப்பட வேண்டாம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எண்டு நினைச்சு ஒரு பக்கத்தை மடிச்சு மற்றப் பக்கத்தையும் வெட்டினா பிழைக்கலாம், சில கார்களில ஒரு பக்கம் மட்டும் பெட்டி மாதிரி ஒரு மூடி இருக்கும். வெட்டின தாளைத் திருப்பி ஒருக்கா உள்ள போட்டுப் பாத்திட்டு, மேல் பக்கம் எதெண்டு எழுதிக் கொண்டுபோங்கோ, இல்லாட்டி ஷீட் வெட்டுற பாஸ் தலைகீழா வச்சு வெட்டித் தந்திடுவார்.

அந்த அளவுக்கு றப்பர் ஷீட் வெட்டுவிக்கலாம், விளிம்பு வராது. அதால ஈரச் சாமான் வைக்க ஷீட்டுக்கு மேல ஒரு பிளாஸ்ரிக் கிறேட்டோ ஆழமான தட்டோ வைச்சுக்கொள்ளுங்கோ. உண்மையைச் சொன்னா கிழமைக்கு ஒருக்காச் சந்தைக்குப் போற வீட்டுக்கு இந்த றப்பர் ஷீட்டும் கிறேட்டும் போதும், மலிவும் கூட.

அமெரிக்கன் பிராண்ட் மெட் ஓன்லைனில எடுப்பிக்கலாமா?

வெதர்டெக், ஹஸ்கி மாதிரியானது நல்ல சாமான்தான். ஆனா அவை செய்யிறது அமெரிக்காவில விக்கிற மொடல்களுக்கு. எங்கட பழைய அக்வா அங்க ப்ரியஸ் சீ எண்டும், பழைய வெஸல் எச்ஆர்வீ எண்டும் வித்தது, 2021 வெஸலும் பிறகு அங்க வந்த எச்ஆர்வீயும் ஒண்டில்லை. உடம்பு ஒண்டாத் தெரிஞ்சாலும் ஸ்பெயார் ரயர், தளத்தின்ர உயரம், ஹைபிரிட்டா இல்லையா எண்டு மாறும். அளவை எழுதிக் கேட்டு ஒப்பிட்டுப் பாக்காம எடுக்க வேண்டாம். பாரமான சாமான், கூலியும் வரியும் சேர்ந்தா மெட்டின்ர விலையைத் தாண்டினாலும் தாண்டும், பிழையா வந்தா திருப்பி அனுப்புறது நடக்கிற காரியமில்லை. வெகன் ஆர், ஆல்டோவுக்கெல்லாம் அங்க பாத்துப் பிரயோசனமில்லை, அந்தக் கார்கள் அங்க விக்கிறதே இல்லை.

ஹைபிரிட் காருக்கு ஏதும் விசேஷமாப் பாக்கோணுமா?

ஓம், வடிவாப் பாக்கோணும். ஹைபிரிட் பற்றரியைக் குளிராக்கக் காத்து உள்ள போற ஒரு துவாரம் இருக்கும், ப்ரியஸில பின் சீட்டுக்குப் பக்கத்தில சின்ன வலை மாதிரித் தெரியும், மற்ற மொடல்களில இடம் மாறும், உங்கட காரில எங்கையெண்டு கையேட்டைப் பாருங்கோ. சீட்டுக்கு மேலயும் ஏறி மூடுற பெரிய விரிப்பைப் போட்டு அதை அடைச்சா பற்றரி சூடேறும், ஹைபிரிட் பற்றரியின்ர விலை தெரிஞ்ச ஒருத்தரும் அந்த விளையாட்டு விளையாட மாட்டினம்.

ரெண்டாவது, ப்ரியஸ் இசட்விடபிள்யூ30 மாதிரிக் கார்களில சின்ன 12 வோல்ட் பற்றரி டிக்கியின்ர வலது மூலையில மூடிக்குக் கீழ இருக்கு. மெட்டைத் தூக்காம அந்த மூடியைத் திறக்க ஏலாத மாதிரிப் போட்டா மழை நேரம் நடுரோட்டில சாமானெல்லாம் இறக்கி வைக்க வேண்டி வரும். கனக்க ஹைபிரிட்டுகளில ஸ்பெயார் ரயருக்குப் பதிலா பஞ்சர் கிட்தான் குடுத்திருக்கினம், அதுவும் அந்தத் தளத்துக்குக் கீழதான். மெட்டை ஒட்டிற டேப்பால நிரந்தரமா ஒட்டவே வேண்டாம்.

பேலியகொடையில மீன் வாங்கி டிக்கியில கொண்டுவாறனாங்கள். எவ்வளவு கழுவினாலும் மணம் போகுதில்லை?

மெட் நல்லதெண்டாலும் மீனைச் சிலிசிலி பேக்கில கட்டி அப்பிடியே போட்டா இதுதான் நடக்கும், சூரை மீன்ர முள்ளு ஒண்டு காணும் பேக்கைக் கிழிக்க. மூடியுள்ள ரெஜிஃபோம் பெட்டி ஒண்டு டிக்கியில நிரந்தரமாக் கிடக்கட்டும், ஐஸ் போட்டு மீனை அதுக்குள்ள வைச்சுக் கொண்டுவாங்கோ, மெட் ரெண்டாவது காவல் மட்டும்தான்.

ஊத்துப்பட்டா வீட்டுக்கு வந்த உடன மெட்டைக் கழட்டிப் பச்சைத் தண்ணியால அடிச்சுக் கழுவுங்கோ. எடுத்தவுடன சுடுதண்ணி ஊத்த வேண்டாம், இரத்தமும் சதைத் தண்ணியும் அவிஞ்சு ஒட்டிக்கொள்ளும். பிறகு பாத்திரம் கழுவுற லிக்விட், அதுக்குப் பிறகு தேசிக்காய்ப் பாதியால தேய்ச்சு விடுங்கோ, மீன் மணத்துக்குக் காரணமான அமைனை அமிலம் அடக்கும், வினாகிரியும் அதே வேலை செய்யும். கார்பெற்றுக்குள்ள போயிட்டா பேக்கிங் சோடாவைத் தூவி இராத்திரி விட்டுக் காலமை வக்யூம் பண்ணிப் பாருங்கோ. அதுக்கும் போகேல்லை எண்டா ஈரம் பலகைக்குக் கீழ கிடக்கு, கழட்டாம வழியில்லை. எயார் ஃப்ரெஷ்னர் தொங்க விடுறது உதவாது, மீனும் மல்லிகையும் சேர்ந்து வாற மணம் தனி மீனை விட மோசம்.

யாழ்ப்பாணம் போய்வந்தா டிக்கி நிறையச் சாமான் வரும். அதுக்கு எது தாங்கும்?

400 கிலோமீற்றர் அளவு ஓட்டம், ஏழெட்டு மணித்தியாலம் சாமான் குலுங்கிக்கொண்டுதான் வரும். நல்லெண்ணெய்ப் போத்தல், மிளகாய்த்தூள் பேணி, கறுத்தக்கொழும்பான் பெட்டி, முருங்கைக்காய்க் கட்டு, இடையில அம்மா கட்டித் தந்த தோசை மாவும் இருந்தா கதை முடிஞ்சுது, மாவு புளிச்சுப் பொங்கி மூடியைத் தள்ளும். போத்தல்களை நிமிர்த்திக் கிறேட்டில வைச்சு இடையில பழைய சாரத்தைச் செருகுங்கோ. எண்ணெய் கொண்டுவாறது வழமையெண்டா றப்பரை விட டீபீஈ நல்லது, அதிலயும் உடன துடைக்கோணும். மிளகாய்த்தூள் கொட்டினா முதல் காய்ஞ்சபடியே கூட்டி அள்ளுங்கோ, தண்ணி பட்டா மஞ்சள் சிவப்பாக் கறை பிடிச்சிடும். பலாப்பழப் பால் ஒட்டினா தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்ச்சா விடும், பிறகு சவர்க்காரம் போட்டு எண்ணெயை நல்லா எடுத்து விடுங்கோ.

தெற்குப் பக்கம் போய்த் தயிர் முட்டி வாங்குறாக்களுக்கும் இதேதான். முட்டிக்கு மேல கட்டின தாள் காவல் இல்லை, அதை டிக்கியில வைக்காம முன் சீட்டுக்குக் கீழ, கால் வைக்கிற இடத்தில வைச்சா ஆட்டம் குறைவு.

காஸ் சிலிண்டர் கொண்டுபோறதால மெட் பழுதாகுமா?

12.5 கிலோ சிலிண்டரின்ர அடி வளையம் ஈவீஏயில ஆழமாத் தடம் போடும், லெதர் மெட்டைக் கிழிக்கும். தடிச்ச றப்பர்தான் இதுக்குச் சரி. சிலிண்டரைப் படுக்க வைக்காம நிமிர்த்தி, உருளாம கயிறால கட்டி, கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து விட்டுக் கொண்டுபோங்கோ. பெற்றோல் கான் எண்டா மெட்டைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை, 2022 வரிசைக் காலத்தில பழகின பழக்கத்தில இன்னும் சிலர் டிக்கியில வைச்சுத் திரியினம், மூடின காருக்குள்ள பெற்றோல் ஆவி நிக்கிறது நெருப்போட விளையாட்டு, எந்த மெட்டும் காப்பாத்தாது.

புது மெட் சரியான மணம். ஆகுமா?

ரெண்டு நாள் நிழலில, காத்துப் படுற இடத்தில விரிச்சு வைச்சிட்டுப் போடுங்கோ. டீபீஈ எண்டா போயிடும். ஒரு மாசம் போயும் காரைத் திறந்தவுடன தலையிடிக்கிற மாதிரி மணந்தா அது மலிவு பீவீசீ, இனிப் போகாது. ஹட்ச்பெக் காரில டிக்கியும் நீங்கள் இருக்கிற இடமும் ஒரே காத்துத்தான், அதை மறக்க வேண்டாம். சுருட்டி வந்த மெட் மூலை எழும்பி நிண்டா கொஞ்ச நேரம் வெயிலில தட்டையா விரிச்சு விட்டாப் படியும்.

ஒண்டும் ஊத்துப்படேல்லை, ஆனா மெட்டுக்குக் கீழ ஈரமா இருக்கு?

அப்ப தண்ணி மேலால வரேல்லை. பின் லைற்றின்ர றப்பர், டிக்கிக் கதவு றப்பர், பம்பர் அடிபட்டுத் திருத்தின இடம், இதுகளில ஒண்டால மழைத்தண்ணி உள்ள வருது. அடிபட்டு டிங்கரிங் செய்த கார்களில இது சாதாரணம். ஸ்பெயார் ரயர்க் குழியைத் திறந்து பாருங்கோ, தண்ணி நிண்டா அடியில இருக்கிற றப்பர் தக்கையைக் கழட்டி வடிய விட்டு, காயவைச்சு, தக்கையைத் திரும்பப் போடுங்கோ. பிறகு ஒராள் வெளிய நிண்டு பைப்பால அடிக்க ஒராள் உள்ள இருந்து டோர்ச் அடிச்சுப் பாத்தா எங்கால வருதெண்டு பிடிபடும். ஒக்டோபர் நவம்பர் மழைக்கு முதலே இதைச் செய்யிறது நல்லது. நல்ல மெட் போட்டிருக்கிறாக்கள் இதைப் பிந்தித்தான் கண்டுபிடிக்கினம், ஏனெண்டா மெட் மேலால காய்ஞ்சு வடிவா இருக்கும், அதால மாசத்துக்கு ஒருக்கா மெட்டைத் தூக்கிப் பாருங்கோ. தீன் துணுக்கை விட்டா கரப்பானும் அங்கதான் குடியிருக்கும்.

பொலிஷ் போடலாமா?

ரயர் மினுக்கிற சிலிக்கோன் சாமானை டிக்கி மெட்டில போட்டா அரிசி மூட்டையே ஒரு மூலையில இருந்து மற்ற மூலைக்கு வழுக்கிப் போகும். தும்புத்தடியும் சவர்க்காரத் தண்ணியும் போதும்.

பின் சீட்டை மடிச்சுச் சாமான் ஏத்துறனாங்கள். சீட் முதுகையும் மூடுற மெட் எடுக்கட்டா?

அடிக்கடி மடிக்கிறாக்களுக்கு மட்டும். அது மூண்டு துண்டா, வெல்க்ரோவால பூட்டுறமாதிரி இருக்கோணும், ஏனெண்டா சீட் பாதி பாதியா மடியும், ஒரே துண்டெண்டா ஒரு பக்கத்தை மட்டும் மடிக்க ஏலாது. பம்பருக்கு மேல தொங்க விடுற துண்டும் சேர்ந்து வந்தா நல்லது, பிள்ளை வண்டில், வீல் செயார் ஏத்தேக்க பெயின்ற் உரசுறது அந்த இடத்திலதான்.

எங்க வாங்கலாம்?

பஞ்சிகாவத்தை, நுகேகொடைப் பக்கம் எண்டா தெல்கந்தை. காரைக் கொண்டே போங்கோ, போட்டுப் பாத்திட்டுக் காசு குடுக்கலாம். ஓன்லைனில வாங்கினா விளிம்பு உயரத்தை ஸ்கேல் வச்சுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ, அனுப்பாத கடையை விடுங்கோ. கறுப்பு நிறமே எடுங்கோ, பேஜ் நிறம் மஞ்சள்தூளுக்குத் தாங்காது.

கார் வாங்கின இடத்தில மெட் செற்றோட டிக்கி மெட்டும் ஃப்ரீயாத் தாறாங்கள். அதை வேண்டாம் எண்டு சொல்லட்டா?

ஏன், வாங்குங்கோ. அனேகமா தட்டைக் கார்பெற்தான் தருவாங்கள், அதை மடிச்சு வீட்டில வையுங்கோ, காரை விக்கிற நேரம் புதுசா எடுத்துப் போடலாம்.